பதிவேட்டில் எழுதாத எண்

நைனா,

இப்படிக் கூப்பிட வேண்டாம் என்று உன் கல்யாணத்தின்போது சொன்னாய். அப்பாவைக் கூப்பிடும் சொல்லால் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவார்களா என்று உன் மனைவி கேட்டாளாம். திருத்தணிப் பக்கம் கூப்பிடுவோம். என் அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிட்டேன்; அவர் போன பிறகு பிறந்த உன்னையும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இந்தக் கடிதம் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் ஓய்வுபெற்றோர் இதழிலும் அச்சாகப் போகிறது. உன் பெயரை எழுதாமல் தப்பிக்க இந்தச் சொல் வசதியாகவும் இருக்கிறது.

ஆடிக் கிருத்திகை முடிந்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நீ போன் செய்தாய். நீ அங்கே வேலைக்குச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். உன் வேலை என்னவென்று இங்கே யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: ஐரோப்பாவில் விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் கூடங்கள் நாட்டுக்கு நாடு இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அந்தந்த நாடு தனக்கென்று கட்டிக்கொண்டது. ஒன்றில் இருக்கும் வசதி இன்னொன்றில் கிடையாது. ஒன்றில் வேலை நெருக்கும்போது இன்னொன்று சும்மா கிடக்கிறது. இவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, எல்லாரும் ஒரே மாதிரி அளப்பது, ஒருவர் கூடத்தை மற்றவர் பயன்படுத்திக்கொள்வது, அளந்ததை மறைக்காமல் பகிர்ந்துகொள்வது என்று சம்மதிக்க வைக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் என் மகன் இருக்கிறான். கேட்டவர்கள், அப்படியானால் அவன் ஏரோப்ளேன் ஓட்டவில்லையா என்கிறார்கள். இல்லை என்கிறேன்.

அன்று நீ கொஞ்சம் சலிப்பாகப் பேசினாய். மற்ற எல்லாக் கூடங்களும் ஒத்துக்கொண்டுவிட்டன, ஒன்று மட்டும் வர மறுக்கிறது, அது இல்லாவிட்டால் ஏற்பாடே அரைகுறையாகிவிடும் என்றாய். ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஏதோ பழைய கதைம்மா. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரே மாடலை மூணு எடத்துல டெஸ்ட் பண்ணாங்களாம். இவங்க நம்பர் மட்டும் தனியா நின்னுச்சாம். எல்லார் முன்னாடியும் ஒங்க டனல்தான் கோளாறுன்னு சொல்லிட்டாங்களாம். அதுலர்ந்து யாரையும் கிட்ட சேக்கறதில்ல."

நீ லேசாகச் சிரித்தாய். மூன்று இடங்களில் ஒன்று பெங்களூர் என்பது உனக்குத் தெரியாது. அந்த மாடலோடு போனவள் நான். சரி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன்.

என் வேலை என்னவென்று உனக்கு நான் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. நீயே இப்போது அந்த உலகத்தில் இருக்கிறாய், ஆனாலும் இதழில் படிக்கப்போகிறவர்களின் வீட்டாருக்காக எழுதுகிறேன். விண்ட் டனல், அதாவது காற்றுச் சுரங்கம், என்பது ஒரு பெரிய குழாய். அதற்குள் விமானத்தின் சிறிய உருவம் ஒன்றை நிறுத்திவிட்டு, காற்றை வேகமாகச் செலுத்துவார்கள். விமானம் பறப்பதற்குப் பதிலாகக் காற்று பறக்கும், அவ்வளவுதான். காற்று அந்த உருவத்தை எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு பின்னால் தள்ளுகிறது என்று அளக்க அதன் வயிற்றுக்குள் ஓர் எஃகுத் தண்டு இருக்கும். பேலன்ஸ் என்போம். அந்தத் தண்டின் மேல், விரல் நகத்தில் பாதி அளவுள்ள மெல்லிய தகடுகளை ஒட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் தலைமுடி போன்ற ஒயரைப் பற்றவைத்து வெளியே கொண்டுவர வேண்டும். தண்டு வளைவது கண்ணுக்குத் தெரியாது. தகடு அதை மின்சாரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தகடுகளை ஒட்டுவதுதான் இருபத்தொன்பது வருடம் என் வேலை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் போன என்னைக் கை நடுங்காது என்பதற்காக எடுத்தார்கள். இப்போது நடுங்குகிறது. இந்தக் கடிதத்தையே நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு மூன்று வயது நடந்தபோது அந்த ஏற்பாடு வந்தது. ஒரே மாடலை, ஒரே பேலன்ஸோடு, எங்கள் கூடத்திலும் ஐரோப்பாவில் இரண்டு கூடங்களிலும் சோதித்துப் பார்ப்பது. மூன்று இடங்களிலும் ஒரே விடை வந்தால், இனிமேல் ஒருவர் அளந்ததை இன்னொருவர் திரும்ப அளக்க வேண்டியதில்லை. நீ இன்று செய்வதன் சின்ன ஆரம்பம் என்று வைத்துக்கொள். மாடலும் பேலன்ஸும் எங்கள் பட்டறையில் செய்தவை என்பதால் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கூடவே போக வேண்டியிருந்தது. நான் பெயர் கொடுத்தேன். சின்னக் குழந்தை இருக்கும் பெண்ணை அனுப்புவதா என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் எங்கள் பிரிவுத் தலைவர் என் பக்கம் நின்றார். புறப்படும் நாளில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மூணுல ஒண்ணு தப்பா வரும்மா. அது நம்மளோடதா இருக்கக் கூடாது."

உன் அப்பா அப்போது குண்டக்கல்லில் ரயில்வே வேலையில் இருந்தார். உன்னைக் கே.ஜி.கண்டிகையில் உன் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். ஆறு வாரம் என்று சொல்லியிருந்தேன். நீ அழவில்லை. உனக்கு அங்கே கோழிகள் இருந்தன.

இரண்டு கூடங்களும் எந்த நாடு, எந்த ஊர் என்று இங்கே எழுதப்போவதில்லை. நீ அவர்களோடு தினமும் பேச வேண்டியவன். ஒன்று ஆற்றங்கரையில் இருந்தது, இன்னொன்று மலையடிவாரத்தில். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பனிமலைக்கு முன்னால் நான் நிற்கும் படம் ஹாலில் மாட்டியிருக்கிறதே, அது அந்த மலைதான். ஆற்றங்கரைக் கூடத்தில் மூன்று வாரம் வேலை சுமுகமாக நடந்தது. பெங்களூரில் வந்த எண்களும் அங்கே வந்த எண்களும் ஒன்றோடொன்று பொருந்தின. அவர்கள் கேக் வெட்டினார்கள். மாடலை மரப்பெட்டியில் வைத்து, பஞ்சு அடைத்து, லாரியில் மலையடிவாரத்துக்கு அனுப்பிவிட்டு நான் ரயிலில் போனேன்.

போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம், முன்பே பேசி வைத்தபடி, கண்டிகை பஸ் நிறுத்தத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்தேன். பெரியம்மா காத்துக்கொண்டிருந்தாள். "புள்ளைக்கு நாலு நாளா காச்சல் உடமாட்டேங்குது. பாவா ஆஸ்பத்திரிக்கு எத்துகினு போயிருக்காரு. உன் பேர சொல்லிகினே அழுவறான். எப்போ வர நீ?" என்றாள். பாவா என்றால் உன் பெரியப்பா. அட்டையில் காசு தீர்ந்து போன் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தேன். அந்தக் கூடத்துக் காற்றுச் சுரங்கத்துக்குப் பொறுப்பாளராக ஆன்டன் என்று ஒருவர் இருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, பெரிய கைகள், ஆங்கிலம் எனக்கு எவ்வளவு வருமோ அவ்வளவுதான் அவருக்கும் வரும். எனக்கு மேசையும் விளக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் வேறு வேலைக்குப் போயிருந்தார். வழியில் பெட்டி எங்கோ இடிபட்டிருக்க வேண்டும். ஒரு தகட்டின் மேல் பூசியிருந்த காப்புப் பூச்சு விரிசல் விட்டு, ஒயர் விட்டுப்போயிருந்தது.

இந்த மாதிரி ஆனால் செய்ய வேண்டியது என்ன என்பதை நானே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேலையை நிறுத்த வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். பழுதைச் சரிசெய்த பிறகு, தெரிந்த எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, பேலன்ஸ் சரியாகக் காட்டுகிறதா என்று முதலிலிருந்து சோதிக்க வேண்டும். அந்த வசதி ஆற்றங்கரையில்தான் இருந்தது. திரும்ப அங்கே போய் வர குறைந்தது மூன்று வாரம். ஆறு வாரம் ஒன்பதாகும்.

நான் ஒயரைப் பற்றவைத்து, மேலே பூச்சு பூசி, விளக்கின் சூட்டில் காயவைத்தேன். ஒரு மணி நேர வேலை. பிறகு கையோடு கொண்டுபோயிருந்த ஒரே ஒரு எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். காட்ட வேண்டியதைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டியது. அதிகமில்லை, ஆனால் எங்கள் வேலையில் அது சின்னதும் இல்லை. அந்த எண்ணை என் கைப்பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். பதிவேட்டில் அந்த இடத்தில் ஆற்றங்கரையில் வந்த பழைய எண்ணை எழுதினேன். எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். ஆன்டன் திரும்பி வந்து எல்லாம் சரியா என்று கேட்டார். சரி என்றேன்.

இதை இத்தனை வருடம் எனக்கு நானே எப்படிச் சொல்லிக்கொண்டேன் என்றால், பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது எந்தத் தாயும் இதைத்தான் செய்திருப்பாள் என்று. ஆனால் அதற்கு அடுத்து நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி கண்டிகைக்கு போன் செய்தேன். காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது, இட்லி சாப்பிட்டுவிட்டுக் கோழியைத் துரத்திக்கொண்டிருக்கிறான் என்று பெரியம்மா சொன்னாள். நீ போனில் வந்து ஏதோ பேசினாய். விமானம் வேண்டும் என்று கேட்ட மாதிரி இருந்தது. கூட்டம் அதற்கு மறுநாள்தான் நடந்தது.

மலையடிவாரத்து எண்கள் தனியாக நின்றன. ஆற்றங்கரையிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். எங்கள் பிரிவுத் தலைவரும் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். சுவரில் மூன்று கோடுகள் போட்டுக் காட்டினார்கள். இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. மூன்றாவது விலகிப் போயிற்று. ஆற்றங்கரைக்காரர்களில் ஒருவர், இரண்டு பேர் ஒன்று சொல்லும்போது மூன்றாமவர் தன் வீட்டைத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் தலைவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆன்டன் முகம் சிவந்துவிட்டது. முதலில் பேலன்ஸை மறுபடி சோதிப்போம் என்றார். பதிவேட்டை எடுத்துக் காட்டினார்கள். அதில் எல்லாம் சரியாக இருந்தது. அப்போது அவர் மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிக் கேட்டார்.

"அதைக் கையால் தொட்டவர் நீங்கள். நீங்கள் சொன்னால் நான் நம்புகிறேன். ஏதாவது மாறியதா?"

"ஒன்றும் மாறவில்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சில மாதங்களுக்குப் பிறகு, அவரைச் சுரங்கத்தின் பொறுப்பிலிருந்து மாற்றிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அது பீரோவில் உன் மதிப்பெண் பட்டியல்களுக்கு அடியில் இருக்கிறது. உன் அப்பாவிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. அவர் இருந்தவரை, என் மனைவி வெளிநாட்டில் போய் நம் மானத்தைக் காப்பாற்றிவிட்டு வந்தாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூட லேபில் ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டு, பக்கத்து பெஞ்சுப் பையன் மேல் பழியைப் போட்டுவிட்டாய். அவனுக்கு அடி விழுந்தது. சாயங்காலம் அதை நீயாகவே வந்து என்னிடம் சொன்னாய். நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், காலைப் பிரார்த்தனையில் எல்லாப் பிள்ளைகளும் நிற்கும்போது உன் வாயாலேயே சொல்ல வைத்தேன். தனியாகப் போய் வாத்தியாரிடம் சொல்கிறேன் என்று கெஞ்சினாய். எல்லார் முன்னாலும் செய்ததை எல்லார் முன்னாலும்தான் திருத்த வேண்டும் என்றேன். அன்று முழுக்க நீ சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அப்படி ஒன்று நீ செய்ததாக எனக்குத் தெரியாது. நல்லபடியாக வளர்த்திருக்கிறாய் என்று மற்றவர்கள் சொல்லும்போது எனக்கு அந்தப் பிரார்த்தனை மைதானம்தான் கண்ணில் வரும். உன்னை அங்கே நிற்க வைத்தது சரிதான். நிற்க வைத்தவளுக்கு அந்த யோக்கியதை இருந்ததா என்பது வேறு.

நீ போன் செய்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோட்டைத் தேடி எடுத்தேன். எப்படியோ அதைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தேன். அன்றைய பக்கத்தில் எடை, நேரம், அறையின் சூடு, வந்த எண், எல்லாம் இருக்கிறது. போன வருடம் கண்புரை எடுத்த பிறகு என் எழுத்தே எனக்குப் புதிதாகத் தெரிகிறது. இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் பேலன்ஸ் குறைத்துக் காட்டிய அளவைச் சேர்த்துக்கொண்டால், மலையடிவாரத்துக் கோடு மற்ற இரண்டுக்கும் அருகில் வருகிறது. முழுவதும் வரவில்லை. ஏறக்குறையப் பாதி இடைவெளி அப்படியே நிற்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அதே பாதிதான். இதைப் பார்த்ததும், அப்படியானால் அவர்களிடமும் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது, நாம் ஏன் இப்போது கிளற வேண்டும் என்று ஒரு பகல் முழுக்கத் தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த வாரமே பெங்களூருக்குப் போனேன். இப்போது அங்கே தலைவராக இருப்பவர் நான் ஓய்வுபெறும்போது புதிதாகச் சேர்ந்தவர். மரியாதையாக உட்கார வைத்து, காபி வரவழைத்து, நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நோட்டை மூடி வைத்துவிட்டு, "இப்போ எதுக்கு மேடம் இதெல்லாம்? அந்தக் காலத்து ஆளுங்க யாருமே இல்லையே" என்றார். இல்லாமல் போனது ஆட்கள்தான், அந்தப் பகை அப்படியே இருக்கிறது என்று நீ சொன்னதைச் சொன்னேன். இதழில் எழுதப்போகிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. ஆனால் தடுக்கவில்லை. மாடலும் பேலன்ஸும் இன்னும் கிடங்கில் இருக்கின்றன என்று அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தோம். எட்டு ஒயர் இணைப்புகளில் ஒன்று மட்டும் வேறு ஈயத்தால் பற்றவைத்ததாக இருந்தது. அவரே அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

திருத்தணி திரும்பியதும் நோட்டுப் பக்கத்தின் படத்தையும் என் கணக்கையும் ஒரு பக்கக் கடிதத்தோடு மூன்று கூடங்களுக்கும் அனுப்பினேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று உனக்குக் கோபம் வரும். கேட்டிருந்தால் நீ செய் என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும். செய் என்றால், அம்மாவை வைத்துக் காரியம் சாதித்தான் என்பார்கள். வேண்டாம் என்றால், என்னுடைய பொய் உனக்கும் வந்து சேர்ந்துவிடும். உனக்குத் தெரியாமல் செய்ததுதான் நான் உனக்குச் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் என்று நினைத்தேன். தவறாகவும் இருக்கலாம்.

ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு ஆன்டனிடமிருந்து மெயில் வந்தது. அவர் இன்னும் இருக்கிறார் என்றே நான் எதிர்பார்க்கவில்லை. கூடத்திலிருந்து என் கடிதத்தை அவர் வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். அவர் சொல்லச் சொல்ல அவருடைய மகள் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். மீதிப் பாதி எங்களுடையது என்று முதல் வரியிலேயே இருந்தது. நான் ஊர் திரும்பிய அடுத்த வருடம் சுரங்கத்தைச் சுத்தம் செய்தபோது, காற்றை ஒழுங்குபடுத்தும் கம்பிவலை ஓரத்தில் கிழிந்திருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தங்கள் சுரங்கத்தில் குறையே இல்லை என்று அதற்குள் எல்லாருக்கும் கடிதம் எழுதி, மனம் கசந்து, அந்த ஏற்பாட்டிலிருந்தே விலகிவிட்டிருந்தார்கள். ஆகவே வலையை மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. கிடங்கில் புது வலைக்குக் கையெழுத்துப் போட்டு எடுத்துக் கொடுத்தவரே அவர்தானாம்.

அதை இரண்டு முறை படித்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நான் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் பாதி இடைவெளி போயிருக்கும். மீதிப் பாதியைத் தேடி, கோபப்படாமல், சேர்ந்தே வலை வரைக்கும் போயிருப்பார்கள். நான் ஒருத்தி சொல்லாததால் அவர்களும் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். இத்தனை வருடம் இரண்டு கூடங்களும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்திருக்கின்றன.

உன் அலுவலகத்தில் ஒப்பந்தங்கள், விதிகள், எத்தனையோ காகிதங்கள் தயாரிப்பீர்கள். அவை வேண்டும். ஆனால் தன் கூடத்தில் ஒயர் விட்டுப்போனது என்று ஒரு டெக்னீஷியன் எழுந்து சொன்னால் அவளுக்கு என்ன நடக்கும் என்பதையும் அந்தக் காகிதத்தில் எழுதுங்கள். பெரியவர்கள் கைகுலுக்கிக்கொண்ட பிறகு, பெட்டியைத் திறப்பது யாரோ ஒரு சின்ன ஆள்தான். அந்த ஆளுக்குப் பயம் இருந்தால் உங்கள் எண்கள் எதுவும் உதவாது. ஒருவர் எண் தனியாக நிற்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது என்றும் எழுத முடிந்தால் எழுதுங்கள். சிரிப்புக்கு விதி போட முடியாது என்பாய். நீயாவது சிரிக்காமல் இரு. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்தது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

இப்போதைய நிலவரம் உனக்கே தெரிந்திருக்கும். மலையடிவாரத்துக்காரர்கள் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பேரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சேருவதற்கு இல்லை, கேட்டுவிட்டுப் போவதற்காம். அதே மாடலைத் திரும்ப அனுப்பினால் புது வலையோடு சோதித்துப் பார்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். பெங்களூர் சம்மதித்துவிட்டது. ஆற்றங்கரை இன்னும் பதில் போடவில்லை. அவர்கள் சிரித்தவர்கள், கொஞ்சம் நேரம் எடுக்கும். இந்த இதழ் வருவதற்கு முன்னால் நீ உன் அதிகாரியிடம் போய், அந்தக் கடிதம் எழுதியவள் என் அம்மா என்று நீயாகவே சொல்லிவிடு. இந்த விஷயத்திலிருந்து உன்னை விலகியிருக்கச் சொன்னால் விலகிவிடு. வருத்தப்படாதே. உன்னால் நடக்கவேண்டும் என்று இல்லை, நடந்தால் போதும்.

ஆன்டன் தன் மெயிலில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். நான் அன்று அப்படி நேராகக் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்று. கோபமாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை, தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டிருந்தார். பதில் எழுத எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. குழந்தைக்குக் காய்ச்சல், நான்காயிரம் மைல் தூரத்தில் இருந்தேன் என்று முதலில் எழுதினேன். எழுதிப் படித்தபோது நன்றாகவே இருந்தது. யாராயிருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். அதனால்தான் அதை அழித்தேன். ஒயரைப் பற்றவைத்த அன்று உனக்குக் காய்ச்சல் இருந்தது, அது உண்மை. அவர் என்னைக் கேட்ட அன்று உனக்குக் காய்ச்சல் இல்லை. "பயந்துவிட்டேன்" என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பினேன். மூன்று வயதுப் பிள்ளை அதில் எங்கும் இல்லை.

அம்மா